படிகாரத் தண்ணீர் குடித்தவர்

ஆறாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கு, தண்ணீரைச் சுத்தம் செய்யும் முறைகளை நான் எடுத்துக்கொண்டேன். சேலையூரில் எங்கள் வீட்டுக் கிணறு மழைக்குக் கலங்கிக் கிடந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. அந்தத் தண்ணீரையே நான்கு விதமாக்கினேன். காய்ச்சியது ஒன்று, ஃபில்டரில் வடிந்தது ஒன்று, ஆர்.ஓ. மெஷினில் பிடித்தது ஒன்று, படிகாரம் கலக்கித் தெளிய வைத்தது ஒன்று. நான்கு கண்ணாடி டம்ளர்களும் ஹால் மேசையில் நின்றன. படிகார டம்ளர்தான் பளிச்சென்று இருந்தது. ஆனால் படிகாரம் சேற்றைத்தான் இறக்கும், கிருமியைக் கொல்லாது என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் பல்லாவரத்திலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். ஜெபம் முடிந்து உட்கார்ந்ததும் மாப்பிள்ளைக்கு விக்கல் எடுத்தது. அவரே கையை நீட்டி, இருப்பதிலேயே தெளிவான டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார்.

"அங்கிள், அது கிணத்துத் தண்ணி! கிருமி சாகல!" என்று கத்தினேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "வீட்டுக்கு வந்தவங்களுக்கு இதையா வைப்பீங்க?" என்றார். சமாளிக்கப் போன அப்பா ஆர்.ஓ.வின் பெருமையை ஆரம்பிக்க, காய்ச்சின தண்ணிக்கு ஈடே இல்லை என்று அம்மா குறுக்கிட்டாள். மாப்பிள்ளை மட்டும் என் பக்கம் குனிந்து, "படிகாரம் எவ்ளோ போட்ட?" என்று அக்கறையாகக் கேட்டார். சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"யோசிச்சுச் சொல்றோம்" என்று அவர்கள் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

காலையில் பயம் தாங்காமல், "அவர் வயிறு எப்படி இருக்குன்னு கேளு சித்தி" என்றேன். அப்பாவிடமிருந்து நம்பர் வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போன சித்தி, முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தாள். "ஒண்ணும் இல்லையாம்." அதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும்.

நாலாம் நாள், "போதும் சித்தி, கண்காட்சியே முடிஞ்சிடுச்சு" என்றேன்.

"சில கிருமி லேட்டாதான் வேலையைக் காட்டும்டி. இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும்."

வாரக் கடைசியில் பல்லாவரத்திலிருந்து சம்மதம் என்று தகவல் வந்தது. அம்மா கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். சித்தி அன்றும் போனை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை என்று தெரிந்த பிறகும் ஒரு மனிதரை எதற்கு இத்தனை நாள் சோதிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆராய்ச்சி என்றால் இவ்வளவு பொறுமை வேண்டும்போலும் என்று எண்ணி, அன்றைய தேதியைப் போட்டு 'நலம்' என்று எழுதி வைத்தேன்.