பாசிக்குன்றுச் சுவர்

மரியநாயகிக்கு நடந்து முடிந்த கதையைவிட நடக்கப்போகிற கதைதான் நன்றாகத் தெரியும். எங்கள் முன்னோர் கடல் கடந்து வந்து, காட்டு வழியே நடந்து இந்த மலையேறியதைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் யாருக்குத் தெரியும்" என்று கையை விரிப்பாள். மனிதர்கள் பூமியை விட்டுப்போய் நீலத்திங்கள் என்ற நிலாவில் குடியேறியதைக் கேட்டால் ஆண்டோடு சொல்வாள். அது நடக்கவில்லை, நடக்கவும் போவதில்லை. 'தூரத்து வளையம்' என்று தொலைக்காட்சியில் தமிழ் பேசி ஓடும் வெளிநாட்டுத் தொடரில் வருகிற வரலாறு அது.

வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவள் பிள்ளை மடுவத்து ஆயா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப்போகும் குழந்தைகளுக்குச் சோறூட்டி, தொட்டிலாட்டி, சாயங்காலம் திருப்பிக் கொடுப்பது அவள் வேலை. லயத்து வரிசை வீடுகளில் நான் அவளுக்கு அடுத்த காம்பரா. நடுச்சுவர் கூரை வரைக்கும் எட்டாததால், பார்க்காமலே எனக்கும் அந்த வரலாற்றில் பாதி பாடம். எனக்கு அந்தத் தொடர் பிடிக்காது. அவ்வளவு தூரம் பறந்துபோயும் ஜனங்கள் கம்பனி கட்டிக்கொடுத்த நீள வரிசை வீட்டில் குடியிருந்து, சங்கு ஊதினால் வேலைக்கு ஓடுகிறார்கள். அதைப் பார்க்க டிஷ் எதற்கு? கதவைத் திறந்தால் போதாதா?

மரியநாயகியை இழுத்துப் பிடித்ததும் அதுதான். ஆனால் அவள் ரசித்துப் பார்த்தாள் என்று சொல்ல மாட்டேன், பயந்து பயந்து பார்த்தாள். அந்த வரலாற்றில் பாசிக்குன்று என்று ஒரு குடியிருப்பு உண்டு. அதன் பின்சுவரில் ஒரு வெடிப்பு. ஒவ்வொரு திருநாளுக்கும் அதைப் பூசி வெள்ளையடித்து விடுவார்கள். ஒரு பெண் மட்டும் வெடிப்பின் குறுக்கே காகிதப் பட்டை ஒன்றை ஒட்டிவைப்பாள். காகிதம் கிழிந்தால் குன்று நகர்கிறது என்று அர்த்தம். திருநாள் வந்ததும் யாரோ அந்தக் காகிதத்தின் மேலேயும் பூசிவிடுகிறார்கள். குன்று இறங்குவதற்கு முன் அங்கிருந்து ரேடியோவில் வந்த கடைசிச் சேதி: "சுவர்கள் சுத்தமாக இருக்கின்றன."

அது ஓடிய மறுநாள் காலை மரியநாயகி மடுவத்துப் பின்சுவரை உற்றுப் பார்த்தாள். சன்னலுக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு இருந்தது. சுவருக்குப் பின்னால் மண்மேடு, மேட்டுக்கு மேல் தேயிலை மலை. எங்கள் தோட்டத்தில் வெடிப்பில்லாத சுவர் எங்கே இருக்கிறது? தீபாவளிக்கு இந்துக்களும் இயேசு பிறந்த நத்தாருக்கு நாங்களும் களிமண்ணும் சீமெந்தும் குழைத்து அடைத்து, மேலே சுண்ணாம்பு அடித்துவிடுவோம். வெடித்த சுவரோடு பண்டிகையை வரவேற்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?

அவள் பழைய கலண்டர் தாளைக் கிழித்து, சோற்றுக் கஞ்சி தடவி வெடிப்பின் குறுக்கே ஒட்டினாள். அன்றோடு அவள் நிம்மதி போயிற்று. மழைச் சத்தம் கேட்டால் சோறு இறங்காது. காலையில் குழந்தைகளின் முகத்தைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பார்ப்பாள். கணக்கப்பிள்ளை சிவசாமியிடமும் போய்ச் சொன்னாள்.

"கணக்கப்புள்ள, அந்தச் சொவத்த ஒருக்கா வந்து பாருங்களேன்."

"இது ஒங்க நெலாவுல நடந்ததா, நம்ம தோட்டத்துல நடந்ததா மரியாக்கா?" என்றார் அவர்.

லயமே சிரித்தது. 'நிலா ஆயா' என்ற பேர் ஒட்டிக்கொண்டது.

கார்த்திகைக் கடைசியில் மகளின் பேறுகாலத்துக்காக மரியநாயகி தலவாக்கலைக்குப் போய்விட்டு, புயல் மழையோடு திரும்பி வந்தாள். மறுநாள் காலை தாய்மார் கறுப்புப் பொலித்தீனைப் போர்த்திக்கொண்டு மலைக்குப் போன பிறகு, பின்சுவரைத் திரும்பிப் பார்த்தாள். சுவர் வெள்ளைவெளேரென்று இருந்தது. வெடிப்பையும் காணோம், காகிதத்தையும் காணோம்.

சுவரைக் கையால் தடவினாள். வழவழவென்றிருந்தது. அந்த வழவழப்பைப் போல வேறெதுவும் தன்னைப் பயமுறுத்தியதில்லை என்று பிறகு சொன்னாள்.

அந்நேரம் அவளுக்குச் சோற்றுப் பார்சலோடு வந்து நின்றார் அவள் புருஷன் லியனார்ட். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். நல்ல மனிதர், அதுதான் தொல்லை.

"எப்புடி இருக்கு? நத்தாருக்கு முந்தியே அடிச்சுட்டேன்" என்றார்.

"அந்தக் காயிதம் எங்கங்க?"

"அதுவா? ரெண்டாக் கிழிஞ்சு தொங்கிச்சு. உரிச்சுப் போட்டுட்டு, ஓட்டைய நல்லா அடைச்சுப் பூசினேன்."

"மழைக்கு முந்தியே கிழிஞ்சிருச்சா?"

ஆமாம் என்று தலையாட்டினார் லியனார்ட். அவள் தொட்டிலில் இருந்த குழந்தைகளை அள்ள ஆரம்பித்தாள்.

காய்ச்சலில் படுத்திருந்த நான் கதவு தட்டும் சத்தத்துக்கு எழுந்து போனேன். இடுப்பில் ஒரு குழந்தையும் தோளில் ஒன்றுமாக மரியநாயகி நின்றாள். "புடி" என்று ஒன்றை என் கையில் கொடுத்தாள். எதிர்மேட்டில் இருக்கிற மாதா கோயிலுக்குப் போகச் சொன்னாள். கேள்வி கேட்கத் தோன்றவில்லை. லியனார்ட் மழையில் வழுக்கி விழுந்து எழுந்து, திரும்பத் திரும்பப் போய் மிச்சக் குழந்தைகளைத் தூக்கி வந்தார்.

சேதி மலைக்கு எட்டி, தாய்மார் கொழுந்துக் கூடையோடு கோயிலுக்கு ஓடி வந்தார்கள். பின்னால் சிவசாமி. குழந்தைகள் நனைந்து நடுங்குவதைப் பார்த்ததும் எல்லாருக்கும் கோபம் மரியநாயகியின் மேல் திரும்பியது.

"டிவி பாத்துப் பாத்து பைத்தியம் முத்திருச்சா ஒங்களுக்கு? மொத வேலையா புள்ளைங்கள மடுவத்துக்குக் கொண்டு போங்க" என்றார் சிவசாமி.

கிருஷாந்தி என்கிற இளம் தாய், பாலுக்கு அழுத தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "போத்தல் அங்கனதான் கெடக்கு, எடுத்துட்டு வாறேன்" என்று இறங்கினாள். மரியநாயகி ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கக்கா."

"மாட்டேன்."

"புள்ள பசியில கத்துது, விடுங்க."

"எனக்குப் பயமா இருக்கு கிருஷாந்தி. நான் சொல்றது பொய்யாவே இருக்கட்டும். நாளைக்கு எல்லாருமாச் சேந்து என்னய ஏசுங்க. இன்னைக்குப் போவாத."

சேலையை இழுக்க இழுக்க அவள் விடவில்லை. அப்போதுதான் மலை உறுமியது. இடி என்றுதான் முதலில் நினைத்தோம். மடுவத்துக்கு மேலிருந்த தேயிலைச் செடிகள் நின்ற வாக்கிலேயே நகர்ந்து கீழே வந்தன. திறந்த வாசல் வழியே பின்சுவர் ஒரு கணம் வெள்ளையாகத் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை.

கோயிலில் லியனார்ட் நகக்கண்ணில் இன்னும் சுண்ணாம்பு ஒட்டியிருந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். சிவசாமி குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

இப்போது பிள்ளை மடுவம் வாசகசாலைக் கட்டடத்தில் நடக்கிறது. திறப்பு நாளுக்காக அங்கேயும் புதுசாக வெள்ளையடித்திருந்தார்கள். மரியநாயகி வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய்த் தோசைக் கரண்டியை எடுத்துவந்து, பின்சுவரில் சுண்ணாம்பைச் சுரண்ட ஆரம்பித்தாள். வெள்ளைத் தூள் அவள் தலையெல்லாம் கொட்டியது. யாரும் சிரிக்கவில்லை. கிருஷாந்தி குழந்தையை என்னிடம் தந்துவிட்டு, ஒரு கரண்டியோடு அவள் பக்கத்தில் போய் நின்றாள்.