ஜெபமாலையில் ஆள் எண்ணினேன்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் கடம்பத்தூரிலிருந்து வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு மூன்று பஸ் போயிற்று. ஏற்பாடெல்லாம் என் தலையில். "டீச்சரம்மா பார்த்துப்பாங்க" என்று பூசை முடிவில் அறிவித்துவிட்டு, பங்குச் சாமியார் நிம்மதியாக முதல் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டார். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவளுக்கு இது என்ன பெரிய காரியம் என்று அவருக்கு நினைப்பு. எனக்கோ ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. எங்கள் ஜனங்களில் பாதிப் பேர் வயலையும் ஊத்துக்கோட்டைச் சந்தையையும் தாண்டி எதையும் பார்த்ததில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் தவறிப் போனால் நான் என்ன பதில் சொல்வேன்?

மூன்றாவது பஸ்ஸை நானே வைத்துக்கொண்டேன். பெயர் கூப்பிட்டுப் பார்ப்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை. பாதிப் பெண்களுக்கு மாதா பெயர், பாதி ஆண்களுக்கு ஒரே புனிதர் பெயர். ஒன்றைச் சொன்னால் எட்டுப் பேர் "ஆங்" என்பார்கள். அதனால் ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். சின்னதும் பெரியதுமாக அதில் ஐம்பத்தொன்பது மணி. மடிப்பிள்ளைகளையும் சேர்த்து என் பஸ்ஸிலும் ஐம்பத்தொன்பது பேர். தலைக்கு ஒரு மணி, கடைசித் தலைக்குக் கடைசி மணி. மாதாவே கணக்குப் போட்டுக் கொடுத்தது போல எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட. "டீச்சரம்மா நம்ம தலைமேல ஜெபம் சொல்லிகினு போவுது" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

திரும்புகிற அன்று காலை பத்து மணி. மற்ற இரண்டு பஸ்ஸும் கிளம்பிவிட்டன. பின்னால் வெளியூர் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன, எங்கள் டிரைவர் கத்துகிறார். நான் எண்ணினேன். கடைசித் தலை, கடைசி மணி. "ரைட், போகலாம்" என்றேன்.

திருவாரூரில் டீக்கு நிறுத்தியபோது பின்சீட்டுப் பெண் ஒருத்தி, "யார்து இந்த மூட்டை? காலை நீட்ட முடில" என்றாள்.

மூட்டை சீட்டு சீட்டாகக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். ஒரு நீலப் புடவை, மாதா எண்ணெய், சுருக்குப்பை. அது எங்கள் பள்ளிக்கூடத்துப் பின்தெருவில் இருக்கிற, களையெடுக்கப் போகிற ஒண்டிக்கட்டையின் மூட்டை. அவளுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை, எழுத்தும் தெரியாது. இருந்த காசும் இதோ என் மடியில். ஒரு பஸ் ஜனம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாட்டுப் பாடிக்கொண்டு வந்திருக்கிறோம். அவள் இல்லையென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

எங்கே தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. பெரிய மணி விரலில் பட்டால் பரலோக மந்திரம் சொல்லிப் பழகிய வாய். அவசரத்தில் ஒரு பெரிய மணிக்குத் தலையை எண்ணாமல் மந்திரத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். மணி சரியாக முடிந்தது, ஆள்தான் குறைந்திருக்கிறது. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற லட்சணம்!

"இன்னாம்மா பேஜாரு பண்றீங்க? நாளைக்கு எனக்கு கல்யாண டிரிப்பு கீது. அந்தம்மா வேற பஸ்ல வந்துரும்" என்றார் டிரைவர்.

"திருப்புங்கண்ணே. இல்லன்னா நான் இங்கயே இறங்கிடுவேன். சாமியார்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிக்குங்க."

முணுமுணுத்துக்கொண்டே திருப்பினார். வழியெல்லாம் எனக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. அழுதுகொண்டு எந்தப் பக்கம் ஓடினாளோ, எவன் கையில் சிக்கினாளோ, கடல் வேறு பக்கத்திலேயே இருக்கிறது. பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

எங்கள் பஸ் நின்ற இடத்தில் வேறொரு பஸ் நின்றது. அதை ஒட்டி, மெழுகுவர்த்திக் கடை நிழலில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து புடவை மண்ணைத் தட்டினாள்.

"வந்துட்டீங்களா டீச்சரம்மா? தண்ணி குடிக்கப் போனேன், பஸ்ஸு போயிடுச்சு."

"ரொம்ப பயந்துட்டியாக்கா?" அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாத்துக்கு பயம்? நீங்கதான் எண்ணுவீங்களே. ஒண்ணு கொறைஞ்சா வுட்டுட்டா போவீங்க? அதான் இங்கயே குந்திகினு இருந்தேன்."

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "ஆமாக்கா, எண்ணினேன், ஒண்ணு குறைஞ்சுது" என்றேன். மாதா கோயிலுக்கு எதிரில் நின்று சொன்ன பொய். பஸ்ஸில் ஏறியதும் எல்லாரிடமும் அதையே சொல்லிச் சிரித்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூட்டை இடிக்கிறதென்றவள் எழுந்து தன் ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்தாள்.

ஊருக்கு வந்தும் அவள் விடவில்லை. வயலில், ரேஷன் வரிசையில், கோயில் வாசலில், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்: "அவ்ளோ ஜனத்துல நான் ஒருத்தி இல்லன்னு கண்டுபுடிச்சு வந்தாங்களே! என்னைக் காணோம்னு தேடறதுக்கும் ஆளு கீது."

சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் ஆமாம் என்று தலையாட்டுவேன்.