ஸ்டெல்லாவுக்கு வளர்த்த வெள்ளைப் பொடிப்பூ

ஈரச் சாக்கின் வாடை பலருக்குப் பிடிக்காது. எனக்கோ அந்த வாடை வந்தால் போதும், பம்பாய்ச் செம்பூரில் நாங்கள் குடியிருந்த தரைத்தளத்து வீட்டின் பின்பக்கம் கண்முன் வந்துவிடும். காம்பவுண்டுச் சுவருக்கும் எங்கள் சமையலறைச் சுவருக்கும் நடுவே, பக்கத்து மாமரம் கவிந்துகொண்டதால் உச்சிப்பொழுதிலும் வெயில் எட்டாத, இரண்டு கட்டில் போடுகிற அளவு மண்தரை. அறுபதுகளின் நடுவில், மழைக்காலம் முடிந்த கையோடு, அம்மா அங்கே கோணிச்சாக்கை நனைத்து விரித்து, அடியில் விதை முளைக்கிறதா என்று காலையும் மாலையும் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவிடம் துணி தைக்கக் கொடுத்துவந்த ஒரு துரைசாணி சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன விதை அது. பொட்டலத்தின் மேல் நீலப் பூவின் படம். உள்ளே இருப்பது வெள்ளை என்று பென்சிலால் எழுதியிருந்தது. ஃபர்கெட்-மி-நாட், அதாவது 'என்னை மறந்துவிடாதே' என்று பெயர். அம்மாவின் வாயில் அது நுழையவில்லை, "வெள்ளைப் பொடிப்பூ" என்றே சொல்லிவந்தாள். நிழலில் போடு, முளைக்கும்வரை வெளிச்சம் படாமல் மூடி வை என்று துரைசாணி படித்துப் படித்துச் சொன்னாளாம். அம்மா அதைக் காதில் வாங்கினால்தானே! ஊரில் கீரை விதை தூவுகிற பழக்கத்தில் ஜூன் மாதமே பாதியை முன்வாசலில் தூவ, பம்பாய் மழை ஒரே நாளில் அத்தனையையும் சாக்கடைக்குக் கொண்டுபோய்விட்டது. மீதிப் பாதியைத்தான் இப்போது சாக்குக்கு அடியில் காத்துவந்தாள்.

எல்லாம் என் தங்கை ஸ்டெல்லாவுக்காக. மூன்று வயதில் "தொண்டை அடைப்பான்" வந்து ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்தாள். தொற்று வியாதி என்று வீட்டுக்குக் கொண்டுவரவும் விடவில்லை. கொட்டுகிற மழையில், கிடைத்த பெட்டியில், ஒரு பூக்கூட வைக்காமல் அடக்கம் நடந்தது. அதன்பிறகு அப்பா மாட்டுங்கா பூக்கடையிலிருந்து எத்தனையோ முறை பூ வாங்கிவந்து கல்லறைமேல் வைத்தார். அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. "வாங்குன பூ வேண்டாம். எம் பிள்ளயத்தான் வளக்கக் குடுத்துவைக்கல, ஒரு செடியயாச்சும் வளத்து அவளுக்குக் குடுக்கேன்" என்பாள்.

அதற்கும் கெடு இருந்தது. ஊரில் கல்லறை என்றால் தலைமுறை தலைமுறைக்கும் நம்முடையது. பம்பாயில் உயிரோடு இருப்பவனுக்கே இடம் இல்லை, செத்தவனுக்கு எங்கே போக? இரண்டு வருஷம் தாண்டினால் குழியைத் திறந்து, எலும்பை எடுத்து மூலையில் இருக்கும் பொதுக் கிணற்றில் போட்டுவிட்டு, அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஸ்டெல்லா கிடந்த வரிசையை, பிப்ரவரி வாக்கில் தொடங்கும் தவக்காலத்துக்கு முன்னால் திறக்கப்போவதாகக் கோயில் பலகையில் அறிவிப்பு ஒட்டியாயிற்று. அதற்குள் பூக்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே வேண்டுதல்.

விதை முளைத்து, சுவரோரம் கொத்துக் கொத்தாக இலை விட்டது. அதற்குள் கிறிஸ்மஸ் வந்துவிட்டது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு முற்றத்தில் புது மணல் விரித்தால்தான் பாலன் பிறந்த மாதிரி. முற்றமே இல்லாத ஊருக்கு வந்தும் அப்பா அதை விடவில்லை. வீடு கட்டுகிற இடத்தில் கேட்டுவாங்கி, சைக்கிள் கேரியரில் மூட்டை மூட்டையாக மணல் கொண்டுவந்து பின்பக்கம் கொட்டினார். அம்மா முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, பின்னால புல்லு பூண்டு ஒண்ணு கெடக்கப்படாது, பிடுங்கிப் போட்டுட்டு மணல விரி" என்றாள் அடுப்படியிலிருந்தே. எனக்கு அப்போது ஒன்பது வயது. சுவரோரத்துச் சொரசொரப்பான இலைகளைக் கைநிறைய பிடுங்கி எறிந்தேன். மணலை நிரவி, அதன்மேல் விரலால் ஒரு நட்சத்திரமும் வரைந்தேன்.

களை என்று நினைத்தேன் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். பூ விடாத செடியைச் சின்னப் பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று இன்றைக்கும் எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அதே இடத்தில் அம்மா நாள் தவறாமல் குந்தியிருந்ததை நான் பார்க்காமலா இருந்தேன்? போனவள்மேலேயே உயிரை வைத்துக்கொண்டு, இருக்கிற என் தலையை வாரிவிடக்கூட நினைவில்லாமல் இரண்டு வருஷமாகத் திரிந்தவள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. அது என் கைவரைக்கும் வந்ததா இல்லையா, சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

அம்மா வந்து பார்த்தாள். அடிக்கவில்லை, வையவில்லை. "ஐயோ மாதாவே" என்று அப்படியே உட்கார்ந்து, மாவு ஒட்டிய கையால் மணலை அரித்து அரித்துத் தேடினாள். சாக்கடைக் கல்லோரம் மூன்றே மூன்று செடிகள் தப்பியிருந்தன. அவற்றைப் பால்பவுடர் டின்னில் நட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். பிடித்த உருண்டைகளை அந்தக் கிறிஸ்மஸுக்கு யாரும் பொரிக்கவில்லை.

பூ பூக்கிறவரைக்கும் பொறுக்கச் சொல்லி அப்பா கோயில் ஆபீசுக்குப் போய்க் கெஞ்சினார். அங்கே இருந்த கிளார்க் இரக்கமுள்ளவர்தான், "ஏக் ஹஃப்தா, பஸ்" என்று ஒரே ஒரு வாரம் மட்டும் தள்ளிக்கொடுத்தார். அந்த வாரத்தில் மொட்டு வந்தது, பூ வரவில்லை. குறித்த நாளில் குழியைத் திறக்கும்போது அப்பா தனியாகப் போய் நின்றுவிட்டுத் திரும்பினார். "கொஞ்சந்தான் இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பூத்தது. குருணை மாதிரி வெள்ளை, நடுவில் மஞ்சள் பொட்டு. இத்துனூண்டு பூவுக்கா இவ்வளவு பாடு என்றிருந்தது எனக்கு. அம்மா டின்னை மடியில் வைத்துக்கொண்டு என்னையும் பஸ்ஸில் கூட்டிப்போனாள். ஸ்டெல்லா கிடந்த இடத்தில் புதிதாக ஒரு சின்ன மண்மேடு எழும்பியிருந்தது, பக்கத்தில் யாரோ ஒரு மராத்திக்காரி உட்கார்ந்திருந்தாள். அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். பிறகு, கடைக்காரரிடம் பேசிப் பழகிய அரைகுறை ஹிந்தியில், "மேரா பச்சி... இதர் தா" என்றாள், என் பிள்ளை இங்கேதான் இருந்தாள் என்று. அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள், டின்னைப் பார்த்தாள், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அம்மா அந்த மண்மேட்டின் தலைமாட்டில் டின்னை வைத்தாள். இரண்டு பேரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து அழுதார்கள். எனக்கு வாய்விட்டு அழவும் பயமாக இருந்தது.

திரும்புகிற பஸ்ஸில் அம்மா என் தலையைத் தன் பக்கம் சாய்த்து, சிக்கு விழுந்த முடியை விரலால் பிரித்துக்கொண்டே வந்தாள். "ஒனக்குத் தல பின்னி எத்தன நாளாச்சு, ஏட்டி" என்றாள். அன்றைக்கு அவள் என்னை நாலு சாத்து சாத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது பதினான்கு மாடி நிற்கிறது. மாமரம் இல்லை, வெயில் எட்டாத மண்தரை இல்லை, கிறிஸ்மஸுக்கு மணல் கேட்கிறவர்களும் இல்லை. அப்பா போனார், அம்மாவும் போய்விட்டாள். ஸ்டெல்லாவை யாரும் போட்டோ எடுத்து வைக்கவில்லை. அவளைப் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். கண்ணை மூடிக்கொண்டு எத்தனையோ நாள் முயன்று பார்த்துவிட்டேன். அவள் முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.