வலது கண்ணில் காத்திருந்தவள்

இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நான் இயற்பியல் படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். கதை கட்டும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. நடந்தது என் அக்காவுக்கு. அவள் சொன்னதையும், கூட இருந்து நான் பார்த்ததையும் அப்படியே எழுதுகிறேன்.

அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறாள். சின்ன வயதிலிருந்தே கண்ணாடி. தெருவில் அவளுக்குப் பெயரே சோடாபுட்டிதான். மழை நாட்களில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டிச் சலித்துப்போய், லேசர் சிகிச்சை செய்துகொள்வது என்று முடிவெடுத்தாள்.

“கண்ணாடி போயிட்டா என் மூஞ்சி தெளிவாத் தெரிஞ்சிடுமே, அப்புறம் என்ன பண்ணுவ?” என்றார் அவள் கணவர், என் மாமா.

“அதுக்கும் ஏதாவது லேசர் இருக்கான்னு கேட்டுட்டு வர்றேன்.”

சிரித்துக்கொண்டேதான் போனார்கள்.

மருத்துவமனையில் மாமா மருந்து வாங்கப் போயிருந்தார். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து விட்டு அக்காவை உட்கார வைத்திருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டாயிற்று. அது இல்லாமல் அக்காவுக்கு உலகமே புகை. பக்கத்து நாற்காலியில் யாரோ ஒரு பெண். மடியில் ஒரு பை இருந்தது மட்டும் தெரிந்தது. முகம் வெறும் மங்கல்.

“டாக்டர் உங்களைப் பாப்பாரா?” என்று அவள் கேட்டாள்.

“இன்னைக்கு எனக்கு ஆபரேஷன்.”

“அப்போ பாப்பார்.”

ரிசப்ஷன் பெண்ணின் குரல் குறுக்கே வந்தது. பேச்சு அந்தப் பக்கத்துப் பெண்ணிடம். “ஏம்மா, எத்தனை தடவை சொல்றது? டாக்டர் ஊர்ல இல்ல. சொட்டு மருந்து போட்டுட்டே இருங்க, போகப் போகச் சரியாயிடும். கிளம்புங்க.”

பை மடியிலிருந்து எழுந்தது. செருப்புச் சத்தம் வாசல் பக்கம் போனது.

சற்று நேரத்தில் அக்காவை உள்ளே அழைத்தார்கள். ஊரில் இல்லாத டாக்டர் அங்கே கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

இடது கண் முடிந்தது. வலது கண். மேலே பச்சை விளக்கு. முடி கருகுவது போல ஒரு வாடை. டக்டக்டக் என்று லேசர். அப்போது வெளியே சாலையில் நீளமாக ஒரு பிரேக் சத்தம்...

“கண்ணை அசைக்காதீங்க!”

அக்கா அசைக்கவில்லை. பச்சை விளக்குக்கும் அவளுக்கும் நடுவில் ஏதோ ஒன்று குறுக்கே போனது. அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் பார்வை பளிச்சென்று ஆனது. பகலில் மட்டும். விடிவதற்கு முன் வேனை எடுத்தால்தான் வில்லங்கம். எதிரே வரும் ஒவ்வொரு விளக்கையும் சுற்றிப் பெரிய ஒளிவட்டம். நான் விளக்கம் சொன்னேன். இருட்டில் கண்ணின் பாவை விரியும். லேசர் சீராக்கிய இடத்தையும் தாண்டி விரிந்தால் ஓரத்தில் ஒளி சிதறும். பலருக்கு வரும், போய்விடும்.

“வட்டம் சரிடி,” என்றாள் அக்கா. “அதுக்குள்ள ஆள் எதுக்கு?”

தாளும் பேனாவும் கொடுத்தேன். வரைந்தாள். ஒரு வட்டம். உள்ளே நாற்காலியில் ஒரு பெண். தலை குனிந்திருந்தது. மடியில் பை.

இடது கண்ணால் பார்த்தால் இல்லை. வலது கண்ணில் மட்டும்தான். கண்ணுக்குள் மிதக்கும் துகளாக இருந்தால் கண்ணைத் திருப்பும்போது அதுவும் கூடவே நகர வேண்டும். இவள் நகரவில்லை. விளக்கோடுதான் இருந்தாள்.

திங்கட்கிழமை அவள் தலை நிமிர்ந்திருந்தது.

புதன்கிழமை பை தரையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை எழுந்து நின்றாள்.

அன்றுதான், இன்னும் விடியாத இருட்டில், அக்கா வேனை ஒரு வீட்டு மதிலில் உரசினாள். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. “கண்ணைச் சரிபண்ணிட்டு வாம்மா. இல்லேன்னா சாவியக் குடுத்துடு,” என்று சொல்லிவிட்டார் வேன் முதலாளி. அந்த வேனை விட்டால் அக்காவுக்கு வேறு பிழைப்பு தெரியாது.

மருத்துவமனைக்குப் போன் செய்தாள்.

“டாக்டர் ஊர்ல இல்ல. சொட்டு மருந்து போட்டுட்டே இருங்க, போகப் போகச் சரியாயிடும்.”

அதே குரல். அதே வார்த்தைகள்.

மறுநாள் நானும் கூடப் போனேன். அக்கா அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கிளம்பச் சொல்லிப் பார்த்தார்கள். “பாக்காம எழுந்திருக்க மாட்டேன். வேணும்னா நாற்காலியோட தூக்கி வெளிய போடுங்க,” என்றாள். கடைசியில் டெக்னீஷியன் பெண் ஒருத்தி எங்களை இருட்டறைக்கு அழைத்துப் போனாள்.

முகவாயை வைத்து, நெற்றியை ஒட்டி உட்கார வேண்டிய கண் பரிசோதனைக் கருவி. ஒளிக்கீற்று அக்காவின் வலது கண்ணில் விழுந்தது. டெக்னீஷியன் பார்த்தாள். இன்னும் உற்றுப் பார்த்தாள். சட்டென்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

“சார்... நீங்க வந்து பாருங்க.”

உள்கதவு திறந்தது. டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். “எல்லாம் நார்மலாத்தான் இருக்கும்,” என்றபடி கருவியில் கண்ணை வைத்தார்.

சுவர்க் கடிகாரம் எனக்கு நேரே இருந்தது. மணி பதினொன்று இருபது.

அவர் நகரவில்லை.

மூச்சு மட்டும் கேட்டது... அவருடையது.

அக்காவின் உதடு அசையவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். டெக்னீஷியனும் பேசவில்லை.

ஆனாலும் அந்த அறையில் ஒரு பெண் பேசினாள்.

“ஊர்லதான் இருக்கீங்களா?”

டாக்டர் அலறினார். வலது கண்ணை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“போயிட்டா,” என்றாள் அக்கா மெல்ல.

அன்று முதல் அவளுக்கு ஒளிவட்டமே இல்லை. வேன் சாவியும் அவளிடமேதான் இருக்கிறது.

டெக்னீஷியன் பெண் வாசல் வரை எங்களோடு வந்தாள். அப்போதுதான் சொன்னாள். முன்பு அங்கே லேசர் செய்துகொண்ட ஒரு பெண். அவளுடைய கருவிழிப் படலம் முன்பே மெல்லியது. லேசர் செய்திருக்கவே கூடாது. வலது கண் பார்வை கலங்கிப் போனது. அதற்குப் பிறகு டாக்டர் அவளைப் பார்க்கவே மறுத்துவிட்டார். அவளும் விடாமல் வந்துகொண்டிருந்தாள், மடியில் பையோடு. கடைசியாக வந்த அன்று, வெளியே சாலையைக் கடக்கும்போது லாரி அடித்துவிட்டது. அக்காவுக்கு ஆபரேஷன் நடந்த நாள். காலை பதினொன்று இருபது.

“நான் பாத்தப்போ அவ என்னைப் பாக்கல,” என்றாள். “என் தோளுக்கு மேல... டாக்டர் ரூம் கதவையே பாத்துட்டு இருந்தா.”

டாக்டர் இப்போது ஆபரேஷன் செய்வதில்லை. தினமும் வந்து, வெளியே நோயாளிகளின் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறாராம். யாராவது எழுப்பினால், “இருங்க, அவ இன்னும் என்னைப் போகச் சொல்லல,” என்கிறாராம்.

நேற்று மாலை அக்காவுக்கு ஒரு போன். அந்த ரிசப்ஷன் பெண். அவள் லேசர் செய்துகொண்டவள் இல்லை. கண்ணாடிகூடப் போட்டதில்லை.

“அக்கா...” என்றாள். “அவ எழுந்து நின்னதுக்கு அப்புறம்... எத்தனை நாள்?”