இருபத்தெட்டரைச் சக்கரமும் ஒரு தபால் கார்டும்

கேரளம் என்று ஒரு மாநிலம் பிறந்தால் அதற்கென்று தனிக்காசும் கூடவே பிறக்கும் என்று நான் நம்பினேன். மறையூரில் வேறு ஒருவரும் அப்படி நம்பவில்லை. ஆகவே விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

நம்பியதற்குக் காரணம் உண்டு. பாலக்காட்டிலிருந்து மறையூருக்கு வந்து நான் சாப்பாட்டுக் கடை வைத்து, மாடியில் நான்கு அறைகளும் போட்டது திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில். எங்களுக்குச் சக்கரம் என்கிற காசு. சின்னாற்றைத் தாண்டினால் உடுமலைப்பேட்டைக்காரர்களுக்கு பிரிட்டிஷ் ரூபாய். எங்கள் ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரம், அவர்கள் ரூபாய்க்கு இருபத்தெட்டரை.

அந்த அரைச் சக்கரம்தான் என் கடைக்கு அஸ்திவாரம். முனியறை என்கிற ஆதிகாலக் கல்லறைக் கற்களைப் பார்க்கவோ, மூணாறு போகிற வழியில் ஓர் இரவு தங்கவோ காரில் வருகிற உடுமலைக்காரர் என் கல்லாவில் ரூபாயைக் கொடுத்து மாற்றுவார். கையில் விழுகிற சில்லறையில் தனக்கு அரைச் சக்கரம் கூடுதல் என்று தெரிந்ததும் முகம் மலரும். அந்த மலர்ச்சியிலேயே வேண்டாத வெல்ல உருண்டை பத்து வாங்குவார், இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்பார். அரைச் சக்கரம் மிச்சம் பிடித்த மகிழ்ச்சியில் ஐந்து ரூபாய் செலவழிப்பார். வெளியூர்க்காரரை இழுத்து வருவது மலையும் இல்லை, அருவியும் இல்லை, காசு மாற்றுகிற விலைதான் என்பது என் கண்டுபிடிப்பு.

பிறகு மகாராஜா போனார், சக்கரமும் போயிற்று. இரு கரைக்கும் ஒரே ரூபாய். ஆனாலும் பழகிய கால்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அதிலும் உடுமலைத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் ஒவ்வொரு டிசம்பர் விடுமுறைக்கும் இரண்டு காரில் வருவார். நான்கு அறையும் அவருக்கே. அவர் போனால் அவர் சொந்தக்காரர்கள் வருவார்கள். அந்த டிசம்பரை நம்பித்தான் ஐந்தாவது அறைக்குச் சுவர் எழுப்பியிருந்தேன். கூரைதான் பாக்கி.

அப்போதுதான் முடிதிருத்தும் கடையில் பத்திரிகையில் அந்த வரைபடத்தைப் பார்த்தேன். நவம்பர் முதல் புது மாநிலம். உடுமலை கோட்டுக்கு அந்தப் பக்கம், மறையூர் இந்தப் பக்கம். பாதி முகச் சோப்போடு எழுந்து வீட்டுக்கு ஓடினேன்.

“காசு மாறப்போகுது,” என்றேன் மனைவியிடம்.

அவள் வெங்காயத்தை விட்டுத் தலை தூக்கவில்லை. “இப்பவும் சின்னாத்துல செக்போஸ்ட் இருக்குல்ல? அந்தப் பக்கம் என்ன காசாம்?”

“ரூபாய்.”

“இந்தப் பக்கம்?”

“ரூபாய். ஆனா இது தற்காலிகம்டி. புதுசா ஒரு சர்க்கார் வருது. சொந்தக் காசு இல்லாம என்ன சர்க்கார்?”

“மொதல்ல மிச்ச முகத்தைச் செரச்சுட்டு வாங்க. பாதி சர்க்காராட்டம் நிக்கிறீங்க.”

நான் இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, பழைய சக்கரங்களை வாங்கக் கிளம்பினேன். புதுக்காசு அச்சடிக்கும்வரை சக்கரத்தைத்தானே வெளியே எடுப்பார்கள்? பக்கத்து ஆலைக்கொட்டகையில் கரும்புச்சாறு காய்ச்சுகிறவர் செல்லாத சக்கரங்களுக்கு ஓட்டை போட்டுத் தகரக்கூரை ஆணித் தலைக்கு அடியில் வளையமாக, வாசராக வைத்திருந்தார். ஓட்டை போடாதது ஒரு கொட்டாங்கச்சி நிறைய மிச்சம் இருந்தது.

“சக்கரம் காலணான்னு குடுங்களேன்,” என்றேன், அலட்சியமாக.

அவர் கொட்டாங்கச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நேத்து வரைக்கும் சும்மாவே எடுத்துட்டுப் போயிருக்கலாம் பாய். இன்னைக்கு அரையணா.”

“ஏன்?”

“நீங்க மூச்சு வாங்க ஓடி வந்தீங்கள்ல, அதான்.”

மாற்று விலை எப்படி ஏறுகிறது என்பதை அதைவிடச் சுருக்கமாக எனக்கு இதுவரை யாரும் விளக்கியதில்லை. அரையணாவுக்கே வாங்கினேன்.

இரண்டாவது, தோப்புக்காரருக்குத் தபால் கார்டு போட்டேன். “நவம்பர் முதல் இங்கே புதுக்காசு வர இருக்கிறது. தங்கள் ரூபாய் இங்கே எத்தனைக்குச் செல்லும் என்பது இன்னும் தெரியவில்லை. ஆகையால் அக்டோபரிலேயே குடும்பத்துடன் வந்துவிட வேண்டியது.” அவர் நன்மைக்காக என்று கடைசியில் சேர்த்தேன். என் கூரைக்காக என்று சேர்க்கவில்லை.

அக்டோபரில் அவர் வரவில்லை. மழை. நவம்பர் முதல் தேதி விடிந்ததும் கடையைத் திறந்து முதல் ஆளுக்காகக் காத்திருந்தேன். உடுமலையிலிருந்து வந்த லாரிக்காரர் டீ குடித்துவிட்டு ஓரணா வைத்தார். புரட்டிப் பார்த்தேன். நேற்றைய ஓரணாதான்.

“என்ன பாய், செல்லாதா?” என்றார்.

“செல்லும்,” என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு துக்கத்தோடு நல்ல காசு வாங்கியதில்லை.

டிசம்பர் வந்தது. தோப்புக்காரர் வரவில்லை. அவர் சொந்தக்காரர்களும் வரவில்லை. “எல்லாம் பழையபடிதான், வரலாம்” என்று இரண்டாவது கார்டு எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. மனைவி நான்கு அறையையும் தினம் பெருக்கினாள், ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே என் காதில் விழும்படி.

மே மாதம் அவர் காரில் வந்து இறங்கினார். அதற்குள் நாடு முழுக்க அணாவுக்குப் பதில் நயா பைசா வந்துவிட்டது. வந்தவர் என்னைக் கும்பிடாத குறை.

“ஏனுங்க பாய், நீங்க சொன்ன மாதிரியே காசு மாறிப்போச்சுங்களே! ஒரு அஞ்சு மாசம் முன்னப்பின்ன, அவ்வளவுதானுங்க. உங்க கார்டைச் சந்தையில நாலு பேருக்குப் படிச்சுக் காட்டுனனுங்க.”

“டிசம்பர்ல எங்கே போனீங்க?”

“ஊட்டிக்குங்க. அங்க நம்ம ரூபாய் செல்லுமுங்களே. உங்க ரெண்டாவது கார்டும் வந்துச்சுங்க. பாவம், யாவாரம் போயிருமேன்னு எழுதறீங்கன்னு நெனச்சுட்டனுங்க. கார்டு கேட்ட அந்த நாலு ஊட்டுக்காரங்களும் எங்க பின்னாலயே ஊட்டிக்கு வந்துட்டாங்க.”

உள்ளிருந்து மனைவி, “சக்கரம் மாத்தணும்னா இவருகிட்ட இருக்குதுன்னு அந்த நாலு பேருகிட்டயும் சொல்லுங்க,” என்றாள்.

ரூபாய் மாறவில்லை. மாநிலம் பிறந்த அன்றும் அதற்குப் பிறகும் சின்னாற்றின் இரு கரையிலும் ஒரே ரூபாய்தான் செல்லுபடியானது. அந்த டிசம்பரில் என் நான்கு அறைகளிலும் ஒருவரும் தங்கவில்லை. ஐந்தாவது அறைக்கு அடுத்த வருஷம்தான் தகரம் போட்டேன். ஆணிக்கு வாசர் வாங்க வேண்டியிருக்கவில்லை.