எட்டயபுரம் வழியே ஒரு சூரை மீன்

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழனாக இருந்த மாரியப்பன் இப்போது எட்டயபுரத்துக்கு மேற்கே நான்கு கிலோமீட்டரில் ஆடு வளர்க்கிறான். "கரிசக்காட்டுக்கு ஒருதடவ வாலே" என்று பல வருடமாகக் கூப்பிட்டவன். போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கிளம்பினேன்.

தூத்துக்குடியில் காலை ஏழு மணிக்கு ஒன்றரைக் கிலோ சூரை வாங்கினேன், கிலோ 220 ரூபாய். ஐஸ் போடவா என்று மீன்காரம்மா கேட்டார். ஐம்பது கிலோமீட்டர்தானே, வேண்டாம் என்றேன். எப்போதும்வென்றான் கிராமத்தில் டீ, வெடித்துக் கிடந்த கரிசலில் போட்டோ, எட்டயபுரத்தில் அரண்மனை என்று நின்று நின்று போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. மீன் பை அதுவரை வண்டியில்தான் வெயில் காய்ந்தது.

மாரியப்பனின் மனைவி முத்துலட்சுமி மீனை மோந்து பார்த்தார். "வாடையே இல்ல அண்ணாச்சி. நல்லா கொதிக்கவிட்டா போதும்." அவருக்கு இளைப்பு உண்டு, இன்ஹேலர் அடுப்படியிலேயே இருக்கும்.

எங்கள் இருவருக்கும் முதலில் பரிமாறினார். விருந்தாளி எழுந்த பிறகுதான் அவர் உட்காருவார். முதல் வாயிலேயே எனக்கு நாக்கு சுருக்கென்றது.

"மிளகு தூக்கலா இருக்கே, தங்கச்சி?"

"மிளகே போடலையே!"

எனக்குப் பகீரென்றது. நான் உயிர்வேதியியல் வாத்தியார். மீன் சூட்டில் கிடந்தால், பாக்டீரியாவிலுள்ள ஹிஸ்டிடின் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி, சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமைனாக மாற்றிவிடும். நாக்கில் மிளகுபோல் சுருக்கென்பது அதன் முதல் அடையாளம். கொதிக்கவிட்டால் நொதி அழியும், ஹிஸ்டமைன் அழியாது. இளைப்புக்காரருக்கு மூச்சையே அடைத்துவிடலாம். வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போடும் பாடம் இது.

தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. நான் கொண்டுவந்த மீன், அவர் வேர்க்க விறுவிறுக்கச் சமைத்த குழம்பு. வெட்கமாக இருந்தது. துண்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு வெறும் மோரில் முடித்துக்கொண்டேன். மாரியப்பன் மூன்று துண்டு சாப்பிட்டான். அவர் தனக்குச் சோறு போட்டுக் குழம்புச் சட்டியை இழுத்தபோதுதான் "சாப்பிடாதீங்க!" என்று கத்தினேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "கொழம்பு நல்லால்லையா, அண்ணாச்சி?"

"கொழம்பு இல்லம்மா, மீன். என் தப்பு."

விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் மாரியப்பனுக்கு முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலி மண்டையைப் பிளந்தது. கோவில்பட்டி ஆஸ்பத்திரி பன்னிரண்டு கிலோமீட்டர். ஊசி போட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்தான். அதுவரை எனக்கு உயிரே இல்லை.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஐஸ் பெட்டி இல்லாமல் மீன் வாங்காதீர்கள். கடம்பூர் போளி வாங்கிக்கொள்ளுங்கள், வெயிலுக்குத் தாங்கும்.

அவனை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது முத்துலட்சுமி என்னைத் திட்டவில்லை. வாசல்வரை வந்து ஒன்றே ஒன்று கேட்டார்:

"என்னிய நிறுத்துனீய, சரி. அவியள ஏன் அண்ணாச்சி மொத வாயிலயே நிறுத்தல?"