முத்திரை இல்லாத பிஸ்கட்

இன்று மூக்கண்டப்பள்ளி மளிகைக்கடை வாசலில், பல்கலைக்கழக ஆய்வுக்காக வருவோர் போவோரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். கையில் இரண்டு ராகி பிஸ்கட் பாக்கெட். ஒன்றில் மட்டும் 'பாதுகாப்பானது, பரிசோதிக்கப்பட்டது' என்ற முத்திரை.

ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்த ஒருவரிடம், "முத்திரை இருக்கறதுக்கு எவ்வளவு கூட குடுப்பீங்கக்கா?" என்றேன்.

இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் கம்பெனில குவாலிட்டி செக்கிங்மா. செக் பண்ணாம ஒரு நட்டு கூட எங்க கேட்டைத் தாண்டாது. முத்திரை இல்லாத இந்த பாக்கெட்டை யாரு வெளிய விட்டாங்க?"

கேட்டுவிட்டு, பால் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வருட ஆய்வில் எனக்கு ஒருநாளும் தோன்றாத கேள்வி. இன்னும் மலைப்பு தீரவில்லை.

படிவத்தில் ஐந்து, பத்து, இருபது ரூபாய் என்று மூன்று கட்டங்கள்தான் இருக்கின்றன. அக்காவுக்கு எதில் டிக் அடிக்க, நீங்களே சொல்லுங்கள்.